இரண்டு கண்ணாடி, ஒரு கத்தரிக்கோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "11 வருடமாக என் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் தலைமுடிக்கே. நான் தொழில் கற்ற முடிதிருத்துநர் இல்லை. என் தலையிலும் என் வீட்டார் தலையிலும் செய்து பழகியதைத்தான் சொல்லப்போகிறேன்.

கேள்வி: வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்ள ஆசை. இதுவரை கத்தரியைத் தலைப்பக்கம் கொண்டுபோனதே இல்லை. என்ன வாங்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்?

வாங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். சலூனில் அடுத்தவர் காத்திருக்கிறார். அங்கே அரை மணிக்குள் முடித்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது. முடிதிருத்துநரின் கைத்திறமை நமக்கு வராது. ஆனால் அவரிடம் இல்லாத நாட்கள் நம்மிடம் இருக்கின்றன. எடுக்க நினைத்ததில் பாதியை இன்று எடுங்கள். தலைக்குக் குளித்து, ஒரு இரவு தூங்கி எழுந்து பாருங்கள். முடி தன் இடத்தில் படிந்த பிறகு எந்தக் கற்றை துருத்துகிறது, எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று தானே தெரியும். அப்புறம் மீதியை எடுங்கள். இத்தனை வருடம் கழித்தும் நான் மூன்று தவணையாகத்தான் செய்கிறேன்: முதல் நாள் பக்கங்கள், மறுநாள் மேல்முடி, இரண்டு நாள் விட்டு காதோரமும் பிடரியும்.

கருவி என்று பார்த்தால், முடி வெட்டுவதற்கென்றே செய்த கத்தரிக்கோல் ஒன்று கட்டாயம் வேண்டும். ஐந்தரை அல்லது ஆறு அங்குல நீளம் போதும். காகிதம் வெட்டும் கத்தரி முடியை நறுக்குவதில்லை. மடக்கி, தள்ளி, நசுக்கிவிடும். சில வாரங்களில் அந்த நுனி பிளக்கும். வாங்கிய கத்தரியால் வேறு எதையும் வெட்டாதீர்கள், வீட்டில் யாரையும் வெட்ட விடாதீர்கள். பிடிக்கும் முறையும் உண்டு. ஒரு வளையத்தில் கட்டைவிரல், இன்னொன்றில் மோதிர விரல். அசைய வேண்டியது கட்டைவிரல் மட்டும். கீழ் அலகு அசையாமல் நிற்க வேண்டும். டிவி பார்க்கும்போது வெறும் காற்றில் பத்து நிமிடம் இதைச் செய்து பழகுங்கள். நான் ஒரு வாரம் பழகினேன். முடியைத் தொடுவதற்கு முன் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

குட்டை முடிக்காரர் என்றால் கிளிப்பர், அதாவது முடி வெட்டும் மின்கருவி, வேண்டும். அதில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளின் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணும் கால் அங்குலத்தில் பாதி. 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும். 2 என்றால் 6. 3 என்றால் 10. 4 என்றால் 13. 8 என்றால் 25. எப்போதும் பெரிய எண்ணில் தொடங்கி இறங்குங்கள். முதல் முறை 4-க்குக் கீழே போகவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, நன்றாகக் காய்ந்த முடியில்தான் கிளிப்பர் ஒழுங்காக ஓடும். முடி வளரும் திசைக்கு எதிராக, மெதுவாகத் தள்ள வேண்டும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி வட்டமாகச் சுற்றி வளர்வதால் ஒரே திசையில் தள்ளினால் பாதி தப்பிவிடும். நாலு பக்கமிருந்தும் வர வேண்டும். நீளமாக விடுகிறவர்கள் சுழியைச் சுற்றி மற்ற இடத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகவே விடுங்கள். குறைத்தால் அது குத்திட்டு நிற்கும். இரட்டைச் சுழிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

மேல்முடிக்கு: ஒரு மெல்லிய கற்றையை இரு விரல்களுக்கு இடையே பிடித்துத் தலைக்கு நேராகத் தூக்கி, விரலுக்கு மேலே உள்ளதை வெட்டுங்கள். அடுத்த கற்றையை எடுக்கும்போது முதலில் வெட்டியதில் கொஞ்சம் சேர்த்துப் பிடியுங்கள். வெட்டிய நுனி தெரியும், அதுவரை வெட்டினால் போதும். இப்படி ஒன்றைப் பார்த்து ஒன்றாக முன்னிருந்து பின்னே போக வேண்டும். கத்தரியைக் குறுக்கே வைத்து நேர்கோடாக வெட்டினால் சின்னத் தவறுகூடப் படிக்கட்டு போலத் தெரியும். செங்குத்தாகப் பிடித்து நுனியில் மட்டும் குத்திக் குத்தி எடுத்தால் தவறுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். முதல் வருடம் முழுக்க என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான்.

கேள்வி: முன்பக்கம் ஓரளவு வந்துவிட்டது. பின்பக்கம்தான் முடியவில்லை. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கை எங்கேயோ போகிறது.

கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். நின்று பாருங்கள். வலது கையைத் தூக்கினால் கண்ணாடியிலும் உங்கள் வலப்பக்கத்தில்தான் கை தூக்குகிறது. மாறுவது முன் பின் மட்டும்தான். கத்தரியை உங்களை நோக்கி இழுத்தால் பிம்பத்தில் அது உங்களைவிட்டு விலகிப் போகிறது. காதுக்குப் பின்னால் கை தடுமாறுவது இதனால்தான்.

பெரிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, முகத்துக்கு நேரே ஒரு கைக்கண்ணாடி பிடித்து அதற்குள் பார்த்தால், இரண்டு முறை பிரதிபலித்து எல்லாம் நேராகிவிடுகிறது. உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று பார்ப்பது போன்ற காட்சி அது. இடது இடதாக, முன் முன்னாகவே இருக்கும். ஆனால் இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் காட்சியும் கோணலாகி, கை ஏமாறும். இன்னொரு சங்கடம், கைக்கண்ணாடி பிடிக்க ஒரு கை போய்விடுகிறது. நான் அதை அலமாரிக் கதவின் உட்புறம் கண் உயரத்தில் ஒட்டிவிட்டேன். கதவைத் திறந்து கோணம் சரிசெய்தால் இரண்டு கையும் என்னுடையவை.

முதல் மூன்று நாள் கத்தரி எடுக்காதீர்கள். சீப்பால் மட்டும் பிடரியைச் சீவிப் பழகுங்கள். அப்புறம் மூடிய கத்தரியால் தொட்டுப் பாருங்கள். கண் பழகிவிடும். பழகிய பிறகும் பின்பக்கத்துக்குக் கண்ணைவிட விரல்தான் நம்பிக்கையானது. இடது கையால் பின்மண்டையைத் தடவினால் ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். கிளிப்பரைப் பிடரியிலிருந்து மேலே கொண்டுவந்து, அந்தப் புடைப்பு வந்ததும் தலையின் வளைவைத் தொடராமல் நேராக வெளியே எடுத்துவிடுங்கள். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவது போல. அங்கே கீழ்முடியும் மேல்முடியும் தானாகக் கலக்கும். கோடு எங்கே நிற்க வேண்டும் என்று சந்தேகமாக இருந்தால், அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் காதுக்கு மேலாகப் பின்மண்டைப் புடைப்பை ஒட்டிக் கட்டிக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் கிளிப்பர் வையுங்கள்.

பிடரியின் கீழ்க்கோட்டில் ஆசைப்படாதீர்கள். நேராக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏற்றினால், சில மாதத்தில் அது காது நடு வரை வந்துவிடும். இயல்பாக முடி எங்கே முடிகிறதோ அதற்குக் கீழே இருப்பதை மட்டும் எடுத்தால் போதும். வீட்டில் யாராவது இருந்தால் இந்த ஒரு வேலையை அவரிடம் கேளுங்கள். என் மனைவிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: 3-ம் நம்பர் போட்டு வெட்டும்போது சீப்பு கழன்று, காதுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. 10 நாளில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. மொத்தமும் மழித்துவிடலாமா?

வேண்டாம். இப்போது கிளிப்பரை உள்ளே வைத்துவிடுங்கள். எனக்கும் முதல் வருடம் இதே இடத்தில் இதேதான் நடந்தது. நான் பதற்றத்தில் சுற்றிலும் வெட்டிப் பட்டையைப் பெரிதாக்கிக்கொண்டேன். நீங்கள் அதைச் செய்யாமல் எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

தலைமுடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 10 நாளில் அந்த இடத்தில் மூன்றரை மில்லிமீட்டர் வந்திருக்கும். அதாவது 1-ம் நம்பர் போட்டு வெட்டியது போலாகிவிடும். எட்டாம் நாள் வரை எதையும் தொடாதீர்கள். ஒன்பதாம் நாள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பட்டை இருக்கும் உயரம் வரை 1, அதற்கு மேல் ஒரு விரல் அகலம் 2, அதற்கு மேல் 3 என்று படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு எல்லையிலும் கிளிப்பரின் பக்கத்தில் உள்ள சின்ன லீவரைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல மேல்நோக்கி எடுத்தால் கோடு மறையும். லீவர் திறந்தால் ஒரு எண்ணில் பாதி அளவு நீளம் கூடும். பார்ப்பவர்களுக்கு வேண்டுமென்றே வெட்டிய மாதிரி இருக்கும்.

இனிமேல் ஒவ்வொரு முறை சீப்பு மாட்டியதும் விரலால் இழுத்துப் பாருங்கள். பின்னால் 'டிக்' என்று விழாத சீப்பு முதல் வளைவிலேயே கழன்றுவிடும்.

கேள்வி: இடுப்பு வரை முடி. நுனி எல்லாம் பிளந்திருக்கிறது. வெறும் 3 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும் கையளவு எடுத்துவிடுகிறார்கள். நானே செய்ய முடியுமா?

நீங்களே செய்வதுதான் நல்லது என்பேன். நீள முடி, குட்டை முடியைவிட எளிது. என் மகள் மூன்று வருடமாகத் தானே செய்துகொள்கிறாள். இதை அவளிடம் கேட்டு எழுதுகிறேன்.

சிடுக்கு முழுதும் எடுத்து, முடியைச் சற்று ஈரமாக்கிக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து பிடரி வரை நேர் வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, இரண்டு தோள் வழியாகவும் முன்னே கொண்டுவாருங்கள். தாடைக்குக் கீழே ஒரு ரப்பர் பேண்ட், நுனியிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே இன்னொன்று. கீழ் பேண்டை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். சட்டைப் பொத்தான் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்வது அவள் வழக்கம். தலையைக் குனியாமல் நேரே பார்த்து, முதலில் ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும். மீதி, காய்ந்த பிறகு.

இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பின்மண்டை முடி தோளைச் சுற்றி முன்னே வர அதிக தூரம் பயணிக்கிறது. அதனால் முன்னே நேராக வெட்டினாலும், பின்னால் தள்ளிவிட்டால் நடுவில் நீளமாகவும் ஓரங்களில் குறைவாகவும் மெல்லிய வளைவு கிடைக்கும். அது அழகாகவே இருக்கும். கத்தியால் வெட்டியது போன்ற நேர்கோடு வேண்டுமானால் இந்த முறை ஒத்துவராது. பின்னால் நின்று வெட்ட இன்னொருவர் வேண்டும். அதேபோல எல்லா முடியையும் நெற்றிக்கு மேலே ஒரே குதிரைவாலாகக் கட்டி வெட்டும் முறையை நிறையப் பேர் செய்கிறார்கள். அதில் முன்முடி குட்டையாகவும் பின்முடி நீளமாகவும் அடுக்கு விழும். அடுக்கு வேண்டும் என்பவர்கள் மட்டும் செய்யுங்கள். நுனி வெட்ட நினைத்து அதைச் செய்துவிட்டு அழுத ஒரு பெண்ணின் கடிதமும் இந்தக் கட்டில் இருக்கிறது. அவருக்கு என் பதில்: முன்னே குட்டையாகிவிட்ட முடியை ஆறு மாதம் தொடாதீர்கள், பின்னால் உள்ள நீளத்தை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குறைத்து வாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

கேள்வி: எனக்குச் சுருட்டை முடி. ஈரத்தில் சரியாக இருந்தது, காய்ந்ததும் மூன்று விரல் மேலே ஏறிவிட்டது. ஏன்?

தண்ணீர் பட்டால் முடிக்குள் புரதத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, முடி நீண்டு கொடுக்கும். காய்ந்ததும் அவை மறுபடி பிணைந்து சுருள் இறுகும். நேர்முடியில் இந்த வித்தியாசம் கொஞ்சம்தான். சுருட்டையில் நிறைய. ஆகவே உங்களுக்குக் காய்ந்த முடியில்தான் வெட்ட வேண்டும், இழுக்காமல், ஒவ்வொரு சுருளாக. நெற்றியில் விழும் முன்முடிக்கும் இதே விதிதான், அது எந்த வகை முடியாக இருந்தாலும்.

கேள்வி: குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

வளராது. முடியின் வேர்தான் உயிருள்ளது. வெளியே தெரிவது உயிரற்ற இழை. அதை வெட்டிய செய்தி வேருக்குப் போய்ச் சேராது. சவரம் முடியின் தடிமனையோ வேகத்தையோ மாற்றுவதில்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-லேயே எழுதிவிட்டார். வெட்டாத முடியின் நுனி கூம்பி மெல்லியதாக இருக்கும். மழித்தபின் முளைப்பது வெட்டுப்பட்ட தடித்த முனையோடு வருகிறது. தடவிப் பார்த்தால் முரடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 4 வயதுப் பையன். கிளிப்பர் சத்தம் கேட்டாலே ஓடுகிறான்.

ஓடுவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சத்தம் காதருகே எலும்பு வழியாகவும் கேட்கும். அணைத்த கிளிப்பரை நாலு நாள் அவன் விளையாடட்டும். அப்புறம் ஓடவிட்டு அதன் பின்பக்கத்தை உங்கள் கையில், அவன் கையில், கடைசியாகத் தோளில் வையுங்கள். காதோரம் வரும்போது மடலை உங்கள் உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். பாதித் தலையில் அழுதால் பாதியோடு விடுங்கள். நாளை மீதி. இரண்டு நாள் ஒரு பக்கம் நீளமாக இருந்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிடித்து அமுக்கி முடித்தால் அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்களுக்குத்தான் கஷ்டம்.

கேள்வி: ஒரே முடிதிருத்துநரிடம் 15 வருடமாகப் போகிறேன். திடீரென்று நிறுத்தினால் அவருக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த எண்ணம் எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. நான் முழுதாக நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். நானே வெட்ட வெட்ட, கண்ணுக்குத் தெரியாமல் வடிவம் ஒரு பக்கம் சாயும். அதை நேராக்க அவர் கை வேண்டும். முதல் முறை போனபோது மறைக்காமல் சொன்னேன். அவர் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் சீப்பை அழுத்திப் பிடிக்கிறீங்க, இடது பக்கம் தூக்கிப் பிடிக்கிறீங்க" என்றார். இரண்டு வருடம் எனக்குப் புரியாதது ஒரு நிமிடத்தில் புரிந்தது. அவர் வெட்டும்போது கண்ணாடியில் அவர் மணிக்கட்டைக் கவனியுங்கள். கற்றுக்கொடுத்ததற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

அவர்கள் கண் வேறொன்றுக்கும் உதவும். புழுவெட்டு என்கிறோமே, காசு அளவில் வட்டமாக முடி உதிரும் அந்த இடம் சில நேரம் தலைக்குப் பின்னால் தொடங்கும், அதை முதலில் பார்ப்பவர் பல நேரம் முடிதிருத்துநர்தான். தானே வெட்டிக்கொள்கிறவர்கள் அந்தக் கண்ணை இழக்கிறோம். அதற்காகவே ஒவ்வொரு முறை வெட்டியதும் பின்மண்டையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். வட்டமான வழுக்கை, நிறமோ அளவோ மாறும் மச்சம், செதிலோடு சிவப்பு தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஒரே கிளிப்பரை எல்லோரும் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்குப் பிறகும் அலகைத் துலக்கி, 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு கிளிப்பர் எண்ணெய் விடுங்கள். தலைப் படர்தாமரை அலகு வழியாகப் பரவக்கூடியது.

கேள்வி: அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது. முடி கொட்டுவதற்கு முன் நானே வெட்டிவிட நினைக்கிறேன்.

அம்மா, நிதானமாகச் செய்யுங்கள். கொட்டும் வகை மருந்தாக இருந்தால் பொதுவாக முதல் தவணைக்கு இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகுதான் உதிரத் தொடங்கும். எல்லா மருந்துக்கும் கொட்டாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தோள் வரை, சில நாள் கழித்து இன்னும் குட்டையாக என்று இறங்கலாம். கடைசிக் கட்டத்தில் சவரக் கத்தி வேண்டாம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் சின்னக் கீறல்கூடத் தொற்றாகலாம். சீப்பு மாட்டிய கிளிப்பர் போதும். பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா எட்டு மாதமாகப் படுக்கையில். முடி காதை மூடிவிட்டது. நான் வெட்டலாமா, எப்படி?

வெட்டலாம். நான் முதன்முதலில் கத்தரி எடுத்ததே என் அப்பாவுக்காகத்தான். அவரும் படுக்கையில்தான் இருந்தார். அதில் கற்றதை எழுதுகிறேன்.

குளித்து, சாப்பிட்டு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தலையணைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பருத்தித் துணி. முடியை லேசாக ஈரமாக்கினால் துகள்கள் பறக்காமல் கட்டியாக விழும். துகள் சட்டைக்குள் போனால் அவர் இரவெல்லாம் சொரிந்துகொண்டு கிடப்பார். அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துண்டை இறுக்காமல் சுற்றுங்கள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி மேலே இருக்கும் பாதியை இன்று வெட்டுங்கள். மறு பாதி நாளை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் காதோரத்தில் கத்தரி முனைக்கும் தோலுக்கும் நடுவில் எப்போதும் சீப்பு இருக்கட்டும்.

பின்மண்டை முடியை எடுக்கும்போது தோலை நன்றாகப் பாருங்கள். அசையாமல் படுத்திருப்பவர்களுக்குப் பின்மண்டையிலும் அழுத்தப் புண் வரும். முடிக்குள் மறைந்து கிடக்கும். என் அப்பாவுக்கு ஒரு சிவந்த இடத்தை அப்படித்தான் பார்த்தேன். செவிலியரிடம் சொன்னதும் தலையை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். புண்ணாகாமல் தப்பியது.

முடிந்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் துடைத்துவிட்டு, கைக்கண்ணாடியை அவர் முன்னே பிடியுங்கள். பேச்சு சரியாக வராதவராக இருந்தாலும் காட்டுங்கள். என் அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் கிருதாவைத் தொட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். மறுநாள் காலை அதைச் சரிசெய்தேன்.